மலையேறக் கூடாத கண்

போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீடு தேடி வந்தீர்கள். எஸ்டேட் கிளினிக் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகள். “மிஸ்ஸி, உங்க சர்வீஸ்ல மறக்கவே முடியாத கேஸ் எது?” என்று கேட்டீர்கள். நான் பாம்புக்கடி, ஜீப்பிலேயே நடந்த பிரசவம் என்று எனக்குப் பேர் வாங்கித் தந்த கதைகளாகப் பொறுக்கி எடுத்து அளந்தேன். நீங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டீர்கள். நீங்கள் போன பிறகு எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. உங்களுக்கு உதவப் போகிற கதை அதுவல்ல. இதுதான்.

இது சந்திரனின் வலது கண்ணைப் பற்றியது. சந்திரன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். ஐம்பத்து நாலு வயது, சோடா புட்டிக் கண்ணாடி, அதிர்ந்து பேசாத மனிதர். இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. லோரி ஓடியதெல்லாம் வலது கண்ணை நம்பித்தான்.

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை எஸ்டேட் கிளினிக் எப்படி இருக்கும் என்று நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. அன்று காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு முன்பே என் பெஞ்சில் பதினோரு பேர். முந்தின நாள் மலையிறங்கி ஈப்போ டவுனுக்குப் போய்க் காவடி பார்த்து, ஆடி, வெயிலில் வதங்கி வந்த கூட்டம். ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்கு வயிறு, ஒருவருக்கு என்னவென்றே சொல்லத் தெரியவில்லை. எல்லாருக்கும் வேண்டியது எம்.சி., அதாவது வேலைக்குப் போகாமல் இருக்க ஒரு மருத்துவச் சீட்டு.

எம்.சி. விஷயத்தில் நான் கறார். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. பொய் வயிற்றுவலியை நடையிலேயே கண்டுபிடிப்பேன். கண் நோவு என்று வருகிறவர்களுக்கு ஒரு சட்டமே வைத்திருந்தேன்: சிவந்திருந்தால் சீட்டு, வெளுத்திருந்தால் வேலை. அந்த வரிசையில் ஒன்பதாவது ஆளாக சந்திரன் வந்து உட்கார்ந்தார்.

“மிஸ்ஸி, வலது கண்ணுல கருப்பா முடி மாதிரி ஓடுதுங்க. நேத்து காவடிக்கு முன்னால திருநீறு தூவுனாங்க. அது விழுந்திருச்சோ என்னமோ. பன்னீர் விட்டுப் பாத்தேன், போகல.”

“வலிக்குதா?”

“இல்லீங்க.”

இமையைப் புரட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. “செவக்கவும் இல்ல, வலிக்கவும் இல்ல. முருகன் திருநீறு ஒண்ணும் பண்ணாது. போங்க” என்று சொல்லிக் கண்ணைக் கழுவி, இரண்டு சொட்டு மருந்து விட்டு அனுப்பிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வலி இல்லை என்பதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். திடீரென்று, வலியே இல்லாமல், சிவக்காமல், பார்வைக்குள் கறுப்பு ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால் நாம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். ஏனென்றால் கெட்டுப்போனது கண்ணுக்கு வெளியே இல்லை, உள்ளே. இன்னொன்றும் என் காதில் விழாமல் போனது. அன்று வந்த பதினோரு பேரில் எம்.சி. என்ற வார்த்தையையே சொல்லாதவர் அவர் ஒருவர்தான். சீட்டுக்கு வராத மனிதர் எதற்கு வந்தார் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஒன்பதரை மணி இருக்கும். மூடுபனி கலைந்து மலை முழுக்கப் பளிச்சென்று வெயில். ஆபீஸ் கிராணி பாஸ்கரன் கிளினிக் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். கணக்குப்பிள்ளை வேலையைவிட ஊர் வம்பில் கெட்டிக்காரன்.

“மிஸ்ஸி, இங்க வந்து பாருங்க. சந்திரண்ணனுக்கு நேத்து ஏத்துனது இன்னும் எறங்கல போல.”

எட்டிப் பார்த்தேன். கீழ் வளைவில் கொழுந்து லோரி மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. முன் விளக்கு இரண்டும் எரிந்தன. மழைத் துளி ஒன்றில்லை, வைப்பர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது.

பாஸ்கரன் சிரித்துக்கொண்டே இருந்தான். சந்திரன் குடிக்க மாட்டார். செருப்பு ஒன்று எங்கோ கழன்று விழ, தேயிலைச் செடி வரிசை நடுவே புகுந்து ஓடி, ரோட்டின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். லோரி எனக்கு மிக அருகில் வந்துதான் நின்றது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

“இன்னிக்கு மிஸ்ட் கலையவே மாட்டேங்குது மிஸ்ஸி.”

இறக்கி உட்காரவைத்தேன். காலையில் செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தேன். இடது கண்ணைப் பொத்தச் சொல்லி, வலது கண்ணால் என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

“பொகை மாதிரி இருக்குங்க, கொஞ்சம் செவப்பா. கருப்பு நூலு நூலாத் தொங்குது. கீழ மூக்குப் பக்கம் ஒரு கருப்பு அடைச்சுக்கிட்டு இருக்கு. காலைல அது கொஞ்சமாத்தான் இருந்துச்சு. இப்ப மேல ஏறுது.”

தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டரைப் போனில் பிடித்தேன். அவர் இரண்டே நிமிடத்தில் விளங்கவைத்தார். கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது. பின்னால் இருக்கும் விழித்திரை மேல் பக்கமாகக் கிழிந்திருக்கும், அதனால்தான் கறுப்பு கீழே தெரிகிறது. திரை உரிந்து உரிந்து நடுவுக்கு வந்துவிட்டால், பிறகு எவ்வளவு தைத்து ஒட்டினாலும் பழைய பார்வை வராது. “இங்கே வராதீர்கள், நேராக ஈப்போவுக்கு. நான் கண் பிரிவுக்குச் சொல்லிவிடுகிறேன். தலை நிமிர்ந்தே இருக்கட்டும். எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.”

லோரியில் கொழுந்து நிறைந்து கிடந்தது. நேரம் போனால் வெந்துவிடும், ஃபேக்டரியில் இறக்கிவிட்டுப் போகலாமே என்று துரை, அதாவது எங்கள் தோட்ட மேனேஜர், போனில் இழுத்தார். “கொழுந்து அடுத்த வாரமும் துளிர்க்கும் துரை. கண்ணு துளிர்க்காது” என்றேன். நான் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. உடனே எஸ்டேட் ஜீப்பைக் கொடுத்தார். பாஸ்கரன் ஓட்டினான். அவன் முகத்தில் சிரிப்பு துடைத்துவிட்ட மாதிரி காணாமல் போயிருந்தது.

பிரிஞ்சாங் ஊரைத் தாண்டியதும் விடுமுறைக்கு வந்த கார்கள் வால் நீட்டி நின்றன. அவற்றைத் தாண்டினால் காய்கறி லோரிகள். கறுப்பு எவ்வளவு ஏறுகிறது என்று தெரியாமல் பின் சீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. சந்திரனை இடது கண்ணைப் பொத்தச் சொல்லி, பாஸ்கரனின் காதையே பார்க்கவைத்தேன். காது நடுவில் தெரிந்தால், அதற்குக் கீழே என்னென்ன மறைந்திருக்கிறது? கிளம்பும்போது அவன் தோள்பட்டை தெரியவில்லை. அடுத்த ஊரான திரிங்காப்பில் சட்டைக் காலர் போய்விட்டது.

திரிங்காப் நெரிசலில் வண்டி நின்றபோது பாஸ்கரன் இறங்கி ஓடி, ஒரு நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வந்து, “அண்ணே காலைலேர்ந்து சாப்பிடல” என்று நீட்டினான். பிடுங்கிக்கொண்டேன். ஆபரேஷன் இருக்கும் மனிதருக்குச் சோறா? அதை நானே தின்று தீர்த்தேன். பதற்றம் வந்தால் எனக்குப் பசிக்கும், என்ன செய்வது.

மலையை விட்டு இறங்கும்போது தாடை போனது. ஈப்போ ஆஸ்பத்திரி வாசலில், “காது தெரியுதா?” என்றேன். “தெரியுது மிஸ்ஸி. கடுக்கன் போடுற எடம் மட்டும் தெரியல” என்றார். கறுப்புக்கும் நடுப்பார்வைக்கும் இடையே ஒரு விரற்கடை இடம்தான் மிச்சம். அன்று சாயங்காலமே ஆபரேஷன். உள்ளே இருந்த இரத்தத்தை எடுத்து, கிழிசலை ஒட்டி, ஒட்டியது பிடித்துக்கொள்ளும்வரை உள்ளேயிருந்து அழுத்திக்கொண்டிருக்க ஒருவகை வாயுவைக் கண்ணுக்குள் நிரப்பினார்கள். நடுப்பார்வை தப்பியது என்று டாக்டர் சொன்னதும் பாஸ்கரன் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் அன்றே சொல்லியிருப்பேன். விடியலில் தவறவிட்டதை ஒன்பதரை மணிக்கே பிடித்துவிட்டேன் என்று இல்லாத மீசையைக் கொஞ்சம் முறுக்கியிருப்பேன். இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது.

நாலாம் நாள் காலையில் வார்டிலிருந்து போன் வந்தது. வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி, கவனிக்க வேண்டியவற்றை ஒரு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். குனிந்தே இருக்க வேண்டும், மல்லாந்து படுக்கக் கூடாது, உள்ளே வாயு இருக்கும்வரை விமானத்தில் ஏறவே கூடாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டாக்டர், அவர் பொறந்ததிலேர்ந்து ஏறுனது லோரி ஒண்ணுதான்” என்றேன். அவரும் சிரித்தார். படிவத்தில் சந்திரனின் அக்கா வீட்டு ஈப்போ விலாசம் இருந்தது. வீடு என்றால் எந்த வீடு என்று அவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்த நான் சொல்லவில்லை. போனை வைத்த கையோடு பாஸ்கரனைக் கூப்பிட்டு, “ஜீப்ப எடுத்துக்கிட்டுப் போயி ஏத்திக்கிட்டு வா” என்றேன்.

பதினோரு மணிக்கு சந்திரனின் மனைவி கமலா கிளினிக்குக்கு வந்தாள். ஈப்போவில் புருஷனுக்குத் துணையாக இருந்தவள், வீட்டைத் துடைத்து வைக்க முந்தின நாளே பஸ் ஏறி வந்திருந்தாள். கையில் ஈப்போ கச்சாங் பூத்தே, அதுதான் நம் கடலை முறுக்கு வகையறா, ஒரு பாக்கெட்.

“ஈப்போ அண்ணி குடுத்து விட்டாங்க மிஸ்ஸி. உங்களுக்குத்தான்.”

மேசையில் வைத்தாள். பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நின்றது. நம் மலைக்கு வரும் எந்தப் பாக்கெட்டும் அப்படித்தானே இருக்கும். கீழே தட்டையாக இருப்பது மேலே வர வர உப்பும். கடைக்காரர் முதல் குழந்தை வரை எல்லாருக்கும் தெரியும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நானும் கத்தரிக்கோலை எடுத்தேன். நுனியை வெட்டியதும் புஸ்ஸென்று காற்று என் விரலில் பட்டது.

கத்தரிக்கோல் கையிலேயே நின்றுவிட்டது. விமானத்தில் ஏறக் கூடாது என்றால் எதனால்? மேலே போகப் போக வாயு உப்பும் என்பதால். நாம் இருப்பது எங்கே? ஐயாயிரம் அடி உயரத்தில். பாக்கெட்டுக்கு நேர்ந்ததே அந்தக் கண்ணுக்குள்ளும் நேரும். பாக்கெட்டுக்கு இழுத்துக்கொடுக்கப் பிளாஸ்டிக் இருக்கிறது, கண்ணுக்கு என்ன இருக்கிறது?

பாஸ்கரனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். லைன் கிடைக்கவில்லை. அந்த ரோட்டில் வளைவுக்கு வளைவு சிக்னல் வரும், போகும். கமலா, “என்னங்க மிஸ்ஸி, என்னங்க?” என்று என் கையைப் பிடித்தாள். ஐந்தாவது தடவை எடுத்தான்.

“பாதி மலை ஏறியாச்சு மிஸ்ஸி. இன்னும் நாப்பது நிமிஷந்தான். அண்ணனுக்குத்தான் கண்ணு வலிக்குதாம், வாந்தி வர்ற மாதிரி இருக்காம். வளைவு ரோடு லா, அதான்.”

“வண்டிய நிறுத்து. ஸ்பீக்கர்ல போடு. கண்ணு மேல இருக்குற மூடிய எடுத்துட்டு உன் போன் லைட்ட அவரு கண்ணுகிட்ட காட்டு. சந்திரன், வெளிச்சம் தெரியுதா?”

சந்திரன் குரல் முனகலாக வந்தது. “தெரியுதுங்க. ஆனா பொழுது சாஞ்ச மாதிரி மங்குது.”

உச்சி வெயில் நேரம் அது. உள்ளே அழுத்தம் ஏறி, விழித்திரைக்குப் போகும் இரத்தத்தையே நெரிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் அந்த வெளிச்சமும் போய்விடும்.

“திருப்பு பாஸ்கரா. கீழ எறக்கு. நேரா ஆஸ்பத்திரிக்கு.”

“என்னா மிஸ்ஸி, நீங்கதான காலைல ஏத்திக்கிட்டு வான்னு சொன்னீங்க? வீட்டுகிட்ட வந்துட்டோம். கொண்டாந்து உங்க கிளினிக்லயே படுக்க வச்சர்றேன், நீங்களே பாத்துக்குங்க.”

அந்த இடத்தில் ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆஸ்பத்திரியில் இப்போதுதான் கூப்பிட்டுச் சொன்னார்கள், அவர்கள் முதலில் சொல்ல மறந்துவிட்டார்கள் என்று. என் மானம் காப்பாற்றப்பட்டிருக்கும். பாஸ்கரன் என்ன செய்திருப்பான்? ஓரமாக நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பான், வாதாடியிருப்பான். பத்து நிமிடம் போயிருக்கும். கமலா வேறு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முன்னால் சொல்லத்தான் மிகவும் கூசியது.

“நான் சொன்னது தப்பு” என்றேன். “டாக்டர் சரியாத்தான் சொன்னாரு. நான்தான் யோசிக்காம உங்கள மேல வரச் சொல்லிட்டேன். ஏற ஏற அந்தக் காத்து கண்ணுக்குள்ள உப்புது. இன்னும் ஏறுனா கண்ணு போயிரும். என் தப்பு. திருப்பு.”

எஞ்சின் உறுமுவது கேட்டது, உடனே லைன் அறுந்தது. ஜீப் மேலே போகிறதா, கீழே போகிறதா என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தயாராக இருக்கிறோம் என்றார்கள். பிறகு இருபது நிமிடம் கமலாவும் நானும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

போன் அடித்தது. பாஸ்கரன்தான்.

“எறங்கிக்கிட்டு இருக்கோம் மிஸ்ஸி. அடிவாரம், சிம்பாங் பூலாய் கிட்ட வந்துட்டோம். லைட்ட காட்டுனேன். வெளிச்சம் நல்லாத் தெரியுதுன்றாரு.”

கமலா என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும்தான் அழுதேன், மறைப்பானேன்.

ஆஸ்பத்திரியில் அழுத்தத்தை உடனே குறைத்தார்கள். வாயு முழுக்கக் கரையும்வரை சந்திரன் ஈப்போ அக்கா வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு கிடந்தார். வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கண்ணுக்குள் தண்ணீர் மட்டம் மாதிரி ஒரு கோடு தெரிகிறது என்பார். அந்தக் கோடு வாரா வாரம் கீழே இறங்கி, கடைசியில் ஒரு குமிழியாகி, ஒருநாள் அதுவும் காணாமல் போனது. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் மலையேறினார். லோரி வேலை இல்லை என்று முடிவாகி, ஃபேக்டரியில் கொழுந்து நிறுக்கும் வேலை கொடுத்தார்கள். அந்தத் தராசின் முள்ளை அவர் வலது கண்ணால்தான் பார்த்தார்.

வந்த மறுநாள் கிளினிக்கில் எழுத்துப் பலகை முன் நிறுத்தி வாசிக்கச் சொன்னேன். கடைசிக்கு மேல் வரி வரை வாசித்தார். அட்டையில் எழுதிக்கொண்டே, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். “அன்னிக்கு பாஸ்கரன் அவ்வளவு வாதாடுனான். அப்புறம் எப்படி ஒரு பேச்சுல திருப்புனான்?”

“அவன் எங்கங்க திருப்புனான்?” என்றார் சந்திரன். “மிஸ்ஸி பயந்துட்டாங்க, மேல போயிரலாம்னு சொல்லிக் கியர மாத்திட்டான். நான்தான் ஸ்டேரிங்க எட்டிப் புடிச்சேன். எனக்கும் வீட்டுக்குப் போகணும்னுதான் இருந்துச்சு. ஆனா இருவது வருஷமா உங்ககிட்ட மருந்து வாங்குறேன், தப்புன்னு நீங்க சொல்லி ஒரு நாளும் கேட்டதில்ல. உங்க வாயிலேர்ந்தே அது வந்துருச்சுன்னா, என் கண்ணு நெசமாவே போகுதுன்னு தெரிஞ்சிருச்சு.”

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டேன்.